தம்பியைக் குற்றவாளியாக வரையாதவருக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

தம்பி வீடு வந்து சேர்ந்துவிட்டான். முகவர்களை நம்பி வேலைக்குப் போனவனை, மியான்மர் எல்லையூரான மியாவடியில் அடைத்துவைத்து இணையமோசடி வேலைக்குள் தள்ளினார்கள். அங்கு நடந்தவற்றை இதைப் படிக்கும் பலரும் அறிவீர்கள். அவற்றை மீண்டும் எழுத எனக்கு மனமில்லை. யாங்கோன், பாங்காக் இந்தியத் தூதரக அலுவலர்கள், அயலகத் தமிழர் நலத்துறையினர், எல்லையிலுள்ள மோய் ஆற்றைக் கடந்து தாய்லாந்தின் மே சோட் வந்தவனுக்குச் சோறும் மாற்றுத்துணியும் தந்த முகமறியாதவர்கள், கடன் கொடுத்துவிட்டு இன்றுவரை வாய் திறக்காத உறவினர்கள் என அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

தன் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட புள்ளியியல் ஆய்வு மாணவி ஒருவருக்குத்தான் இந்த மடலின் பெரும்பகுதி உரியது. பிள்ளைகளை அனுப்பிவிட்டுத் தவித்த குடும்பங்களிடம் பணம் கட்டிய ரசீதுகள், விமானச் சீட்டுகள், முகவர்களின் வாட்ஸ்அப் எண்கள் ஆகியவற்றை வாங்கி, ஆட்களைப் புள்ளிகளாகவும் தொடர்புகளைக் கோடுகளாகவும் வைத்து அவர் ஒரு வலைப்படம் வரைந்தார். ஒரு புள்ளி மற்றப் புள்ளிகளை இணைக்கும் வழிகளின் நடுவே எந்த அளவுக்கு நிற்கிறது என்பதை அளக்க, லின்டன் ஃப்ரீமன் என்ற சமூகவியலாளர் 1977இல் வகுத்த கணக்கு ஒன்று உண்டாம். அதைப் போட்டுப் பார்த்தபோது, ஊருக்கு ஒரு பெயரில் பேசிய முகவர்களுக்கெல்லாம் பின்னால், எந்தக் குடும்பத்தோடும் ஒருமுறைகூடப் பேசாத, பயணச்சீட்டு மட்டும் எடுத்துக்கொடுத்த ஓர் எண் நின்றது. ஊர் முகவர் ஒருவர் பிடிபட்டால் அந்த இடத்துக்கு இன்னொருவர் எளிதில் வந்துவிடுவார். இந்த எண்ணுக்கு மாற்று கிடைப்பது அத்தனை எளிதல்ல என்றே நானும் நினைக்கிறேன்.

ஆனால் அதே படத்தில் என் தம்பியும் பெரிய புள்ளியாக இருந்தான். ஆள் சேர்த்துக் கொடுத்தால் விட்டுவிடுகிறோம் என்று அடைத்துவைத்தவர்கள் மிரட்டியதில், அவன் தன் நண்பர்கள் இருவரை அந்த வேலைக்கு அழைத்திருந்தான். தொடர்புகளை மட்டும் எண்ணுகிற கணக்குக்கு, அடிக்குப் பயந்து பேசியவனும் கமிஷனுக்குப் பேசியவனும் ஒன்றுதான். படம் காவல்துறைக்குப் போகவிருந்த நிலையில், நாங்கள் யாரும் கேட்காமலேயே, அவர் அதை முதலிலிருந்து வரைந்தார். சொல் போன வழி, ஆள் போன வழி, பணம் போன வழி என்று கோடுகளைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் திசையும் தேதியும் இட்டார். தம்பியை நோக்கி ஒரு பணக்கோடுகூட வரவில்லை. அவன் பேசிய அழைப்புகள் அனைத்தும் அவன் அடைபட்ட பிறகே நடந்திருந்தன. பெயர்களை எடுத்துவிட்டு எண்களை வைத்தார். பேசத் துணிந்தவர்களின் புள்ளிகள் பெரிதாகவும் பேசாதவர்களின் புள்ளிகள் இல்லாமலும் தெரியும், எனவே பெரிய புள்ளியெல்லாம் தலைவன் அல்ல என்ற குறிப்பையும் ஓரத்தில் எழுதினார்.

பிறகு அந்த நண்பர்களின் வீடுகளுக்கு அவரே என்னோடு வந்து, எங்களிடம் பேச்சை நிறுத்தியிருந்த அம்மாக்கள் இருவருக்கும் தேதிகளை விரல் வைத்துக் காட்டினார். கணக்கில் அது சேராத வேலை; அதைச் செய்யச் சொல்லி அவரை யாரும் அனுப்பவுமில்லை. அவர்களுள் ஒருவர் மறுநாள் எங்கள் வீட்டுக்கு வந்து தம்பியைப் பார்த்துவிட்டுப் போனார்.

மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும், கம்போடியாவில் ஏறத்தாழ 1,00,000 பேரும் இணையமோசடி வேலைக்குள் தள்ளப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023இல் கூறியது. அவர்களில் தம்பியைப் போல மிரட்டப்பட்டு ஆள் அழைத்தவர்கள் எத்தனை பேரோ! எங்கள் பகுதிக்குத் திரும்பி வருகிறவர்களின் வீடுகளில் உட்கார்ந்து, எந்த அழைப்பு எந்தத் தேதியில் நடந்தது என்று எழுதி வாங்கும் பொறுப்பை அக்காவாகிய நான் ஏற்றிருக்கிறேன். பிள்ளை வந்துவிட்டான் என்ற நிம்மதியில் பழைய ரசீதுகளையும் செய்திகளையும் தயவுசெய்து அழித்துவிடாதீர்கள். நான் வந்து வாங்கிக்கொள்கிறேன்.