கடைசியாக எப்போது குடித்தார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுக்கடைகளை மூடுவதா வேண்டாமா என்று தங்கள் நாளிதழில் வரும் கடிதங்களைப் படித்து வருகிறேன். 2003-இல் அரசே சில்லறை விற்பனையைக் கையில் எடுத்ததிலிருந்து ஓயாத வாக்குவாதம் அது, நடக்கட்டும். எலும்பு முறிவு வார்டில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சொல்ல வந்தது வேறு.

கால் முறிந்து ஒருவர் சேருவார். "குடிப்பழக்கம் உண்டா?" என்று கேட்டால், "எப்பவாவது நல்லது கெட்டதுக்கு" என்பார் மனைவி. கூட வந்த மச்சான் சுவரைப் பார்ப்பார். மானம் ஒரு பக்கம், குடித்ததாக எழுதிவிட்டால் விபத்துக் காப்பீடு கிடைக்காதோ என்ற பயம் ஒரு பக்கம். மறுநாள் கை நடுங்கும், சட்டை நனைய வியர்க்கும். மூன்றாம் நாள் ராத்திரி ஆளே வேறாகிவிடுவார்.

மினி பஸ் கண்டக்டர் ஒருவர், "உள்ள போ, படியில நிக்காத" என்று சத்தம் போட்டபடி, கையில் இல்லாத டிக்கெட்டைக் கிழித்து விடிய விடிய வார்டுக்கே நீட்டிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டில்காரர், பாவம், வாங்கிக்கொண்டார். கட்டுப் போட்ட காலோடு இறங்கி ஓடப் பார்த்ததால், நாலு பேர் அமுக்கிப் பிடிக்க வேண்டியதாயிற்று. "காத்து கருப்பு அடிச்சிருச்சு" என்று அவர் அம்மா அழுதார். அப்புறம்தான் மனைவி என் காதோரம் சொன்னார்: "காலையில ஒரு குவாட்டர் உள்ள போனாத்தான் சிஸ்டர் பல்லே விளக்குவாரு."

இது பேயும் இல்லை, திமிரும் இல்லை. மது மூளையை மந்தப்படுத்தும். தினமும் குடிப்பவரின் மூளை அதற்கு ஈடுகட்டத் தன்னை முடுக்கியே வைத்துப் பழகிவிடுகிறது. குடி சட்டென்று நின்றால் அந்த முடுக்கம் மட்டும் மிஞ்சும். ஆறேழு மணி நேரத்தில் நடுக்கம், இரண்டு நாளுக்குள் வலிப்பு, அதன் பிறகு இந்தப் பிதற்றல் என்று வரலாம். கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. முன்பே தெரிந்தால் டயசிபாம் போன்ற மருந்தை அளவாகக் கொடுத்துப் படிப்படியாகக் குறைக்கலாம். குளுக்கோஸ் ஏற்றும் முன் பி1 வைட்டமின் ஊசி போடலாம். பெரிய செலவு ஒன்றும் கிடையாது.

கோயிலில் கயிறு கட்டியோ மாலை போட்டோ ஒரே நாளில் நிறுத்துபவர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு. நம்பிக்கையைக் குறை சொல்லவில்லை, நானும் பழனிக்கு நடந்தவள்தான். தினமும் குடித்தவர் கயிறு கட்டும் முன் மருத்துவரைப் பார்த்துவிடட்டும். 2020 ஊரடங்கில் கடைகள் மூடியபோது, தவித்தவர்களுக்கு மருத்துவர் சீட்டின்பேரில் மது தரலாம் என்று கேரள அரசு உத்தரவே போட்டது. உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. கடையை மூடச் சொல்பவர்கள், மூடிய வாரத்தில் இவர்களுக்கு எத்தனை கட்டில் ஒதுக்குவீர்கள் என்றும் அரசைக் கேளுங்கள்.

நோயாளியோடு வருபவர்களிடம் எனக்கு ஒரே வேண்டுகோள்: கடைசியாக எப்போது, எவ்வளவு குடித்தார் என்பதை டூட்டி சிஸ்டரிடமாவது சொல்லிவிடுங்கள். மதுக்கடைச் செய்தி வரும் நாட்களில், அரசின் இலவச மனநல உதவி எண் 14416-ஐயும் பக்கத்திலேயே ஒரு கட்டம் கட்டிப் போட முடியுமா, ஆசிரியரே?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
திண்டுக்கல் மாவட்டம்