கிராப் செய்வது கொலிமேஷன் ஆகாது: எக்ஸ்ரே பிரிவுப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களுக்கு, வணக்கம்.

உங்கள் பிரிவிலிருந்து மருத்துவரின் திரைக்குப் போகும் படங்களின் ஓரம் கச்சிதமாக இருக்கிறது. அந்த ஓரம், கதிர் விழும் பரப்பை முன்கூட்டியே குறுக்கும் கொலிமேட்டரின் ஷட்டர் (ஈயத் தகடு) போட்டதா, எடுத்து முடித்தபின் கணினியில் கிராப் செய்ததா என்று மருத்துவருக்குத் தெரியாது. கிராப் செய்தால் மறைவது படம் மட்டும்தான். அங்கே விழுந்த கதிர் நோயாளியின் உடம்பில் விழுந்தது விழுந்ததுதான்.

கதிர் விழும் 35 × 43 செ.மீ. புலத்தின் பரப்பு 1505 சதுர செ.மீ. அதை 24 × 30 ஆகக் குறுக்கினால் 720, பாதிக்கும் கீழே. கதிர் படும் திசு குறைந்தால் காம்ப்டன் சிதறலும் (திசுவில் மோதித் திசைமாறும் கதிரும்) குறையும், படத்தின் மேல் படியும் சாம்பல் மூட்டமும் விலகும். சிதறலை வடிகட்டும் கிரிட் இருக்கிறதே என்று விட்டுவிட முடியாது. அது சிதறலைப் படம் பதியும் டிடெக்டருக்குப் போகாமல் தடுக்குமே தவிர, நோயாளிக்குள் உண்டாவதைத் தடுக்காது. முதன்மைக் கதிரிலும் ஒரு பங்கை விழுங்குவதால் எம்ஏஎஸ்ஸை (குழாய் வெளியிடும் கதிரின் அளவை) வேறு கூட்ட வேண்டியிருக்கிறது.

இடுப்பு முதுகெலும்பின் பக்கவாட்டுப் படத்தைப் பாருங்கள். புலத்தை அகலமாகத் திறந்தால் முதுகுக்குப் பின்னால் வெற்று மேசையில் கதிர் நேரடியாக விழுந்து சிதறுகிறது. அந்தச் சிதறல், கதிர் போதுமானதும் கருவியைத் தானாக நிறுத்தும் ஏஇசி உணரியை எட்டியதும், போதுமான கதிர் வந்துவிட்டதாக எண்ணிக் கருவி முன்னதாகவே நின்றுவிடுகிறது. முள்ளெலும்புகள் புள்ளி புள்ளியாக வருகின்றன. புலத்தைக் குறுக்கி, முதுகை ஒட்டி மேசைமேல் ஓர் ஈய ரப்பர் விரிப்பைப் போட்டால் போதும்.

இது தெரிந்த பணியாளர்களும் ஏன் அகலமாகத் திறக்கிறார்கள்? பெரும்பாலும் சோம்பலால் அல்ல. கதிர் விழப்போகும் இடத்தைக் காட்டும் கொலிமேட்டர் லைட்டை நம்ப முடியாததால். பல்பு மாற்றும்போது இம்மி தவறினாலோ, அந்த ஒளியைத் திருப்பிவிடும் கண்ணாடி சற்றே அசைந்தாலோ லைட் காட்டும் இடம் ஒன்று, கதிர் விழும் இடம் வேறு. இரண்டு முறை உறுப்பு வெட்டுப்பட்டு, மறுபடி எடுத்து, திட்டும் வாங்கியவர் மூன்றாம் முறை ஷட்டரை அகலத் திறக்கத்தான் செய்வார்.

சோதனைக்குச் சில நாணயங்கள் போதும். டிடெக்டரைக் கதிர் மூலத்திலிருந்து 100 செ.மீ. தூரத்தில் வைத்து, அதைவிடச் சிறியதாக லைட்டைத் திறவுங்கள். நான்கு பக்கமும் லைட்டின் விளிம்புக்கோட்டில் இரண்டிரண்டு நாணயங்களை, ஒன்று உள்ளே ஒன்று வெளியே, தொட்டுக்கொண்டிருக்கும்படி வையுங்கள். திசை மாறிப்போகாமலிருக்க ஒரு மூலையின் உட்புறத்தில் ஒன்பதாவது நாணயம். தானியங்கி கிராப்பை அணைத்துவிட்டுக் குறைந்த கதிரில் எடுங்கள். கதிரின் விளிம்பு நாணயங்கள் தொடும் கோட்டில் விழ வேண்டும். எதிரெதிர் விளிம்புகளின் விலகலைக் கூட்டினால் தூரத்தில் 2 சதவீதத்தை, அதாவது இங்கே 2 செ.மீ.யை, தாண்டக் கூடாது. தாண்டினால் சர்வீஸ் பொறியாளரை அழையுங்கள். பல்பு மாற்றிய அன்றே இதைச் செய்வது கட்டாயம்.

உங்களிடம் நாங்கள் கேட்பது இவைதான். கிராப் செய்யாத மூலப் படங்களைச் சேமித்து வையுங்கள். மாதம் ஒருமுறை அவற்றில் சிலவற்றை எடுத்து, ஷட்டரின் விளிம்பு எத்தனை பக்கம் தெரிகிறது என்று எண்ணுங்கள். மறுபடி எடுத்த படங்களின் பதிவேட்டில் ‘லைட் விலகல்’ என்று தனிக் கட்டம் போடுங்கள். கருவியின் பிழை பணியாளரின் கணக்கில் ஏறும் வரை யாரும் ஷட்டரைக் குறுக்கத் துணிய மாட்டார்கள்.

இப்படிக்கு,
எக்ஸ்ரே அறைகளில் பணியாற்றும் ரேடியோகிராஃபர்கள்