ஒட்டுப் போட்டவர்களுக்கும் சோறு போட்டவர்களுக்கும்

திருகோணமலை

டில்லியிலிருந்து மணாலி, மணாலியிலிருந்து லே, அங்கிருந்து கார்கில் வழியாக அமிர்தசரஸ் என்று எங்கள் வட இந்தியப் பயணத்தில் வழிநெடுக உதவிய எல்லோருக்கும் வணக்கம்.

திட்டம் எதுவும் போடாமல் போய்வந்தோம் என்று ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் திட்டம் உங்களிடம் இருந்தது. எந்த ஓடையை எத்தனை மணிக்குக் கடக்க வேண்டும், எந்த ஊரில் இராத் தங்கக்கூடாது, எந்தக் கானில் எவ்வளவு பெற்றோல் என்பதெல்லாம் உங்கள் தலைக்குள் இருந்தது. உங்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தமிழ் வாசிக்க வராது. ஆகவே நீங்கள் சொல்லித்தந்ததையும் நன்றியோடு சேர்த்து எழுதுகிறோம். அடுத்ததாக இங்கிருந்து பை தூக்குகிறவர்களுக்காவது உதவட்டும்.

முதல் நன்றி புதுடில்லி ரயில் நிலையத்தில் பகார்கஞ்ச் பக்க வாசலில் நின்ற போர்ட்டர் ஐயாவுக்கு. வெளிநாட்டுப் பயணிகளுக்கான முன்பதிவு அலுவலகம் நிலையக் கட்டடத்தின் முதலாம் மாடியில் இருக்கிறது. ஆனால் வாசலில் நிற்கிற சிலர் "அது மூடியாச்சு, வேறு இடத்துக்கு மாறிவிட்டது" என்று சொல்லி ஓட்டோவில் ஏற்றி எங்கோ ஒரு தனியார் முகவரிடம் இறக்கிவிடுவார்கள். ஐயா ஒன்றும் பேசவில்லை, படிக்கட்டைக் கைகாட்டினார். மேலே கவுண்டரில் இருந்த அம்மாவுக்கும் நன்றி. கடவுச்சீட்டின் மூலமும் விசாப் பிரதியும் இருந்தால் வெளிநாட்டவர் ஒதுக்கீட்டில் இடம் பார்க்கலாம். ஆர்.ஏ.சி. (இருக்க இடம் உறுதி, முழுப் படுக்கை இல்லை) என்று ரிக்கெற்றில் இருந்தால் தாராளமாக ஏறலாம், பக்கவாட்டுக் கீழ்ப் படுக்கையை இரண்டு பேர் பகிர்ந்து உட்கார வேண்டும், அவ்வளவுதான். இணையத்தில் எடுத்த ரிக்கெற் கடைசிப் பட்டியல் போட்ட பிறகும் டபிள்யூ.எல். (காத்திருப்போர் பட்டியல்) என்றே இருந்தால் அது தானாக இரத்தாகிவிடும். அதைக் காட்டி ஏறினால் ரிக்கெற் எடுக்காத ஆள் என்றுதான் கணக்கு. தட்கல் என்கிற கடைசிநேர முன்பதிவு பயணத்துக்கு முதல்நாள் திறக்கும், குளிரூட்டிய பெட்டிக்குக் காலை 10 மணி, மற்றவற்றுக்கு 11 மணி.

தங்கவிடாத விடுதிக்காரர்களுக்கும் ஒரு சின்ன நன்றி உண்டு, கோபம் தணிந்த பிறகு எழுதுகிறோம். வெளிநாட்டவர் தங்கினால் விடுதிக்காரர் 24 மணித்தியாலத்துக்குள் அதை அரசிடம் பதிய வேண்டும். அந்தப் பதிவு வசதி இல்லாத மலிவு விடுதிகள் ஆளை எடுக்காது. நம் முகத்தைப் பார்த்து மதராசி என்று நினைத்துச் சாவியை நீட்டுவார்கள், கடவுச்சீட்டைப் பார்த்ததும் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். பையை இறக்குவதற்கு முதலே "ஸ்ரீலங்கா" என்று சொல்லிவிட்டால் இரண்டு மாடி ஏறி இறங்குகிற வேலை மிச்சம்.

மணாலியில் மோட்டார் சைக்கிள் வாடகைக்குத் தந்த கராஜ் அண்ணைக்கு இந்த மடலில் பெரிய பங்கு இருக்கிறது. வண்டியைத் தருவதற்கு முன் அவரே கைபேசியில் ஒவ்வொரு கீறலையும் படம் எடுக்கச் சொன்னார். திருப்பிக் கொடுக்கும்போது வாய்த்தர்க்கம் வராதிருக்க அதுதான் வழி. எங்களுக்குக் கிடைத்த கம்பிச் சில்லு வண்டிக்கு முன்னுக்கு 21 அங்குல ரியூப், பின்னுக்கு 17 அங்குல ரியூப், இரண்டும் தனித்தனியாக வேண்டும், ஒன்று மற்றதற்குப் பொருந்தாது. ரயர் நெம்பி மூன்று, ஒட்டு, சொலூசன், அரத்தாள், கைப்பம்ப், கிளட்ச் கேபிள் ஒன்று, பிளக் ஒன்று. பதிவுப் புத்தகமும் காப்புறுதியும் புகைச் சான்றிதழும் வண்டியோடு இருக்கவேண்டும். சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரத்தைக் கொழும்பிலேயே எடுத்துக்கொண்டு போகவேண்டும், அங்கே போய்த் தேடிப் பயனில்லை. இன்னொன்றையும் மறைக்காமல் சொன்னார். மணாலி வண்டியில் லே வரைக்கும் போகலாம், ஆனால் அங்கிருந்து பாங்கோங், நுப்ரா பக்கம் சுற்ற லேயில் எடுத்த வண்டிதான் வேண்டும், வெளி வாடகை வண்டியை அங்குள்ள சங்கத்தார் மறிப்பார்கள். அந்தப் பகுதிகளுக்கு நமக்குத் தனி அனுமதியும் தேவை. வாடகைக் காசு வாங்குகிறவர் இதையெல்லாம் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை.

லே போகிற வழியில் தாண்டி என்ற ஊரில் பெற்றோல் அடித்த தம்பிக்கு. அந்த நிலையத்துப் பலகை பெயர்பெற்றது: அடுத்த நிரப்பு நிலையம் 365 கி.மீ. என்று எழுதியிருக்கும். தாங்கி 15 லீற்றர். ஏற்றத்தில் லீற்றருக்கு 25 கி.மீ. கிடைத்தால் 375 கி.மீ. கணக்கில் சரி, வழியில் சரியில்லை. ஆளுக்கு 5 லீற்றர் கான் கட்டாயம். கானைக் கழுத்துவரை நிரப்ப விடாமல் தடுத்ததற்குத்தான் இந்த நன்றி. மேலே போகப்போக வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், உள்ளே இருக்கிற காற்றும் ஆவியும் விரியும். கடையில் தொங்குகிற உருளைக்கிழங்குப் பொரியல் பக்கெற் தலையணை மாதிரி வீங்கி நிற்பதைப் பார்த்தால் விளங்கும். கான் மூடியை மெல்லத் தளர்த்திக் காற்றை விட்டபிறகே திறக்கவேண்டும், சூடான எஞ்சினுக்குப் பக்கத்தில் திறக்கவே கூடாது.

பாங் முகாமின் மருத்துவ அறையில் நாகர்கோவில் தமிழ் பேசிய அண்ணைக்கு என்ன சொல்வது! நாம் கடல்மட்டத்து ஆட்கள். திருகோணமலையில் உயரம் என்றால் சுவாமி மலைப் பாறைதான். மணாலி 2,050 மீற்றர், சார்ச்சூ 4,290, பாங் 4,600, தங்லாங் கடவை 5,328. மணாலியில் புறப்பட்ட அன்றே சார்ச்சூவில் கூடாரம் போடுகிறவர்கள் ஒரே நாளில் 2,200 மீற்றருக்கு மேல் ஏறிப் படுக்கிறார்கள். அங்கேதான் கூடுதலானோருக்கு உயர நோய் பிடிக்கிறது. 3,000 மீற்றருக்கு மேல் படுக்கிற உயரம் ஓர் இரவுக்கு 500 மீற்றருக்கு மேல் கூடக்கூடாது என்பது விதி. இந்தப் பாதையில் அதை முழுதாகக் காப்பாற்ற முடியாது. ஆகவே இனி வருகிறவர்களைச் சார்ச்சூவுக்கு முன்னால் உள்ள ஜிஸ்பாவில், ஏறத்தாழ 3,200 மீற்றரில், இரண்டு இரவு படுத்துவிட்டு விடிய 5 மணிக்குக் கிளம்பச் சொன்னார். அசெற்றசோலமைட் குளிசை ஏறுவதற்கு முதல்நாளே தொடங்கவேண்டும், வழமையாக 125 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு தரம். சல்பா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் வைத்தியரைக் கேட்காமல் தொடக்கூடாது. தலையிடியும் குமட்டலும் இருந்தால் அதற்குமேல் ஏறக்கூடாது. குதிக்காலும் பெருவிரலும் முட்ட ஒரு கோட்டில் நடக்கச் சொன்னால் தள்ளாடுகிற ஆளை இரவென்றும் பாராமல் கீழே இறக்கவேண்டும், மூளை வீங்கத் தொடங்கியதற்கு அது அடையாளம். ஒட்சிசன் கிடைத்தால் கொடுக்கலாம், ஆனால் இறங்குவதற்குப் பதிலாக அல்ல.

லொறிச் சாரதிமார் கற்றுத்தந்தது தண்ணீரைப் பற்றி. பனிமலை உருகி ரோட்டைக் குறுக்கறுத்து ஓடுகிற ஓடையை அங்கே நாலா என்கிறார்கள். இரவுக் குளிரில் உருகல் நின்றுவிடும், காலையில் கணுக்கால் அளவுதான் ஓடும். வெயில் ஏறி மதியம் திரும்பினால் அதே இடத்தில் முழங்கால் அளவு, கல்லையும் உருட்டிக்கொண்டு வரும். முதலில் ஒருவர் நடந்து பார்க்கவேண்டும். பிறகு முதலாம் கியர், ஒரே சீரான திருகு, நடுவில் கையை விடக்கூடாது. வண்டி விழுந்து காற்றுவடிகட்டிக்குள் தண்ணீர் போய்விட்டால் ஸ்ராற்றரை அமத்தவே கூடாது. தண்ணீரை அமுக்க முடியாது, பிஸ்டன் தண்டுதான் வளையும். பிளக்கைக் கழற்றிவிட்டு எஞ்சினைச் சுற்றித் தண்ணீரை வெளியே தள்ளினால் பிழைத்துக்கொள்ளும்.

ஒட்டுப் போட்டவர்களுக்கு வருகிறோம். மோர் சமவெளிக்கு முன்னால் லொறியை ஓரங்கட்டி இறங்கி வந்த கிளீனர் பொடியன், வயது இருபதுகூட இருக்காது. ரியூப்பைக் கையில் எடுத்ததும் சிரித்தான். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வெடிப்பு, பாம்பு கடித்த மாதிரி. முள்ளோ ஆணியோ என்றால் ஓட்டை ஒன்று. இரட்டை வெடிப்பு என்றால் காற்றுக் குறைந்த ரயர் கல்லில் மோதி, ரியூப் கல்லுக்கும் வளையத்துக்கும் நடுவில் நசிந்திருக்கிறது. மென்மையாக ஓடட்டும் என்று காற்றை இறக்கிவிடுகிறவர்களுக்கு இது வரும். அவன் செய்தது இப்படி: வெடிப்பைச் சுற்றி அரத்தாளால் ஒட்டைவிடப் பெரிய வட்டமாக, பளபளப்புப் போகும்வரை தேய்த்தான். தூசியைத் துடைத்துச் சொலூசனை மெல்லியதாகப் பூசிவிட்டு ஒட்டைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தான். அவசரப்படுத்தினால் தலையாட்டினான். ஈரத்தோடு ஒட்டினால் ஆவி உள்ளே அகப்பட்டு, சூடேறியதும் ஒட்டுக் கழன்றுவிடும். விரல்முதுகால் தொட்டு ஒட்டாத பதம் வந்ததும் வைத்து, நெம்பியின் பிடியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்தான். ரயருக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தான். ரியூப்புக்கு உருவம் வருகிற அளவு கொஞ்சம் காற்றை முதலே அடித்து உள்ளே வைத்தான். கடைசிப் பக்கத்தை ஏற்றும்போது எதிர்ப்பக்க விளிம்பை முழங்காலால் வளையத்தின் நடுப்பள்ளத்துக்குள் அமத்திப் பிடித்தான். அப்படிப் பிடிக்காவிட்டால் நெம்பியை முறுக்க வேண்டிவரும், ஒட்டிய ரியூப்பை நெம்பியே திரும்பக் கடிக்கும். காசை நீட்டினால் வாங்கவில்லை. பிஸ்கற் பக்கெற்றை வாங்கிக்கொண்டான்.

ரோட்டோரம் தார் காய்ச்சுகிறவர்களுக்கு. எல்லைச் சாலை அமைப்பின் வேலைக்கு ஜார்க்கண்டின் தும்கா பக்கத்திலிருந்து கோடைதோறும் வருகிறவர்கள் அவர்கள். பீப்பாயில் தார் கொதிக்க, முகத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு கையால் கல் பரப்புகிறார்கள். மூச்சு வாங்கி நாம் பத்தடி நடக்கத் திணறுகிற உயரத்தில்! 2020இல் திறந்த 9.02 கி.மீ. அடல் சுரங்கத்தைப் படம் எடுக்காத ஆள் இல்லை, இவர்களைக் கடக்கும்போது வேகத்தைக் குறைத்துத் தூசி கிளப்பாமல் போகிற ஆட்கள் குறைவு.

குருத்துவாராக்களுக்கு (சீக்கியக் கோயில்களுக்கு) வந்தால் பேச்சுக் குறைகிறது. அமிர்தசரஸ் பொற்கோயிலில் யாரென்று கேட்காமல் இரவும் பகலும் சாப்பாடு. தலையை மூடி, செருப்பை ஒப்படைத்து, கால் நனைத்து உள்ளே போகவேண்டும். தரையில் வரிசையாக இருந்ததும் ரொட்டி வரும். தட்டில் போடமாட்டார்கள், இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினால் கையில் விழும். ஒற்றைக் கையை நீட்டியபோது பக்கத்தில் இருந்த பாட்டி மற்றக் கையையும் பிடித்துச் சேர்த்துவைத்தார், அவருக்கும் நன்றி. கறுப்புப் பருப்பு வாளியோடு திரும்பத் திரும்ப வரும், வாங்கியதை மிச்சம் வைக்கக்கூடாது. வெளிநாட்டவருக்குத் தனிப் படுக்கை மண்டபம் உண்டு, காசில்லை, மூன்று இரவுக்குமேல் கேட்காதீர்கள். வெந்நீர் ஊற்றுள்ள மணிகரண் குருத்துவாராவையும் சொல்லவேண்டும். எங்கள் ஊர்க் கன்னியா வெந்நீரூற்றின் ஏழு கிணறும் குளிக்கிற சூடு. மணிகரணில் துணியில் கட்டிய அரிசியை ஊற்றுக்குள் இறக்கினால் சோறு. ஊரில் இதைச் சொன்னால் யாரும் நம்புகிறார்கள் இல்லை.

கடைசியாக, கம்பளிச் சட்டை என்றால் என்னவென்று தெரியாத ஊரில் அதைத் தேடிப்பிடித்துத் தந்த உப்புவெளி அக்காமாருக்கும் நுவரெலியாவில் வேலை செய்த மாமாவுக்கும் நன்றி. கையுறைக்கு மேல் போட, பாத்திரம் கழுவுகிற இறப்பர் கையுறை தந்த அன்ரிக்கு இரட்டை நன்றி, மழையிலும் ஓடையிலும் விரல் விறைக்காமல் காத்தது அதுதான். நான்கு கம்பளிச் சட்டை, மூன்று சோடி இறப்பர் கையுறை, பாவிக்காத 17 அங்குல ரியூப் ஒன்று, 5 லீற்றர் கான் மூடி ஒன்று (கான் அங்கேயே நின்றுவிட்டது) எல்லாம் ஒரு பைக்குள் இருக்கிறது. போகிறவர்கள் கேட்டு வாங்கிப் போகலாம். சட்டையைத் துவைத்துத் தரவும்.

அன்புடன்,
ஐந்து நண்பர்கள்,
திருகோணமலை