வண்டி கேட்ட மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். நீ அனுப்பிய வண்டி விவரம் பார்த்தேன். 2009 மாடல் வாக்ஸ்ஹால் கோர்சா, 1.2 பெட்ரோல், ஈஸிட்ரானிக் கியர், ஓடியது 71,000 மைல். கீழே "வாங்கலாமாப்பா?" என்று ஒரே வரி. அது வந்தபோது இங்கிலாந்தில் உங்கள் ஊரில் ராத்திரி மூன்று மணி இருக்கும். நைட் ஷிஃப்ட் என்று நினைத்துக்கொண்டேன்.

ஃபோனில் சொன்னால் "சரிப்பா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். தம்பி படம் எடுத்து அனுப்புவான்.

விளம்பரத்தில் ஆட்டோமேட்டிக் என்று போட்டிருக்கிறார்கள். கிளட்ச் பெடல் இல்லை, அதனால் உன் லைசென்ஸுக்கு ஆகும், அது வரைக்கும்தான் அந்தப் பேச்சு சரி. ஈஸிட்ரானிக் என்று பேர் வைத்து உள்ளே இருப்பது, சின்ன வயதில் நம் ஷெட்டில் நீ மண்ணெண்ணெயில் கழுவிக் கொடுப்பாயே, அதே மாதிரி கியர்பாக்ஸ்தான். அதே ஒற்றை கிளட்ச் பிளேட், அதே பிரஷர் பிளேட், அதே ரிலீஸ் பேரிங். உன் இடது கால் செய்ய வேண்டியதை ஒரு மோட்டார் செய்கிறது, கை செய்ய வேண்டியதை மேலே உட்கார்ந்திருக்கும் மோட்டார்கள் செய்கின்றன. எப்போது செய்வது என்று கம்ப்யூட்டர் சொல்கிறது. நீ ஓட்டிப் பழகிய டிரைவிங் ஸ்கூல் வண்டி டார்க் கன்வர்ட்டர் என்று சொன்னாய். அதில் இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவில் ஆயில்தான் விசையைக் கடத்தும். கிளம்பும்போதெல்லாம் உரசித் தேய்கிற இந்த மாதிரிப் பிளேட் அங்கே கிடையாது. இரண்டும் வேறு வேறு வண்டி, பாப்பா. ஒன்றில் பழகிய கால் இன்னொன்றைக் கெடுத்துவிடும்.

கோர்சா எனக்குப் புதிதில்லை. 2000-ல் ஓப்பல் பெயரில் இங்கே வந்தது. அங்கே அதே வண்டிக்கு வாக்ஸ்ஹால் என்று பேர். நீ பார்த்திருப்பது அதற்கு இரண்டு தலைமுறை பிந்தியது. நான் கை வைத்ததெல்லாம் கையால் கியர் போடுகிறதுதான். ஆனால் இந்த மோட்டார் போடும் கியரும் தெரியும். 2014-ல் செலேரியோ இங்கே இதோடு வந்தது. சாமான் கொடுத்தது மாக்னெட்டி மாரெல்லி என்ற இத்தாலியக் கம்பெனி. 1997-ல் ஃபெராரி 355-க்கு இந்த மாதிரி கியர் செய்து கொடுத்ததும் அவர்கள்தான். அதற்கப்புறம் டாட்டா, ரெனோ எல்லோரும் கொண்டுவந்துவிட்டார்கள். காட்பாடி ரோட்டில் வாத்தியார்களும் டாக்டர்களும் அதைத்தான் ஓட்டுகிறார்கள். கிரீன் சர்க்கிள் நெரிசலில் கால் வலிக்காது என்று வாங்குகிறார்கள். பக்குவமாக ஓட்டினால் நன்றாகவே ஓடுகிறது, அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் ஏலகிரி போய்விட்டு வருகிறார்களே, அவர்கள் வண்டிதான் ஷெட்டுக்கு வருகிறது. பதினாலு கொண்டை ஊசி வளைவு. முன்னால் பஸ் திரும்ப நிற்கும்போது, பிரேக்கைப் பிடிக்காமல் ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்தே வண்டியைச் சரிவில் நிறுத்தி வைக்கிறார்கள். பெடல்தான் இல்லையே, கிளட்சும் இல்லை என்று நினைப்பு. அந்த நேரம் முழுக்க பிளேட் பாதி ஒட்டியும் பாதி ஒட்டாமலும் உரசிக்கொண்டே இருக்கிறது. ஆஃப் கிளட்ச்தான் அது, வேறொன்றுமில்லை. வண்டி வாசலில் நுழையும்போதே கருகின வாசனை எனக்கு வந்துவிடும்.

ஷெஃபீல்ட் மலை மேல் கட்டின ஊர் என்று நீதான் சொன்னாய். அதுதான் எனக்குக் கவலை. இப்போது இருக்கும் வீட்டு வாசல் சமமா, சரிவா? போன வருஷம் ஆஸ்பத்திரி நடந்து போகிற தூரம் என்றாய். இப்போது "தினம் ஆறு மைல் போகணும்பா" என்று எழுதியிருக்கிறாய். எந்தத் தெரு, எவ்வளவு ஏற்றம் என்று தெரிந்தால்தானே அப்பா சொல்ல முடியும்? வண்டிக்காகத்தான் கேட்கிறேன்.

மாப்பிள்ளை வண்டி இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று அம்மா கேட்டாள். அது கிளட்ச் வண்டி, இவள் லைசென்ஸுக்கு ஆகாது, அதனால் தனியாக ஒன்று பார்க்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவள் அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

உனக்குக் கோட்டை மைதானத்தில் பழைய ஃபியட்டில் நான் கிளட்ச் சொல்லிக்கொடுத்தேன். சத்துவாச்சாரி மேட்டில் ஹேண்ட்பிரேக் போட்டு, பின்னால் ஓர் அங்குலம் நழுவாமல் எடுப்பாய். ஷெட்டுப் பையன்களையே கூப்பிட்டுப் பார்க்கச் சொல்வேன். அப்படி ஓட்டின பெண் அங்கே போய் ஆட்டோமேட்டிக்கில் டெஸ்ட் கொடுத்திருக்கிறாய். கிளட்ச் வண்டியில் பாஸ் செய்திருந்தால் இரண்டையும் ஓட்டலாம், இதில் பாஸ் செய்தால் இது மட்டும்தான். நம் ஊர் லைசென்ஸ் அங்கே 12 மாதம்தான் செல்லும் என்பது போகும்போதே தெரியுமே. கேட்டதற்குச் "சீக்கிரம் வேணும்பா" என்றாய். முதல் தடவையிலேயே பாஸ் என்று நீ சொன்ன அன்றைக்கு அம்மா தெரு முழுக்க மக்கன் பேடா கொடுத்தாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இன்னும் இருக்கிறது. ஆனாலும் அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

சரி, வண்டிக்கு வருகிறேன். பார்க்கப் போகும்போது மாப்பிள்ளையையும் அழைத்துக்கொண்டு போ. இன்ஜினை முன்னாலேயே சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்கிறவரிடம் சொல்லிவிடு. போனதும் பானெட் மேல் கை வை. சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள், திரும்பி வந்துவிடு. பிரேக்கை மிதித்துக்கொண்டுதான் ஸ்டார்ட் ஆகும். டிஸ்ப்ளேயில் "எஃப்" என்ற எழுத்து வந்தால் கியர் கம்ப்யூட்டர் கோளாறு சொல்கிறது என்று அர்த்தம். பேட்டரி வீக் ஆனாலும் இந்த வண்டிகளில் அப்படி வரும், அதைச் சொல்லித்தான் விற்பார்கள். "பேட்டரிதான் மேடம்" என்றால் மாற்றி வையுங்கள், வந்து பார்க்கிறேன் என்று சொல்லு. மாற்றாத பேட்டரியை நம்பி வாங்காதே.

மேட்டில் நிறுத்திப் பிரேக்கை விட்டுப் பார். சில வண்டி தானாக முன்னால் ஊரும், சிலது பின்னால் நழுவும். இது எந்த வகை என்று உன் காலுக்குத் தெரிய வேண்டும். அதே மேட்டில் ரிவர்ஸ் எடு. கிளட்ச் போகிற வண்டி அங்கேதான் உதறும். பிறகு மூன்றாவது நாலாவது கியரில் நன்றாக மிதி. இன்ஜின் சத்தம் ஏறி வேகம் ஏறாமல் இருந்தால் பிளேட் வழுக்குகிறது, அந்த வண்டி வேண்டாம். கியர் மாறும்போது தலை கொஞ்சம் முன்னால் போய் வருவது இதன் சுபாவம், அதற்காகப் பயப்படாதே. மாறுகிற நேரத்தில் காலை லேசாகத் தளர்த்தினால் போதும். ஃபியட்டில் அதைத்தானே செய்தாய்?

இன்னொன்று, இதை இரண்டு தடவை படி. இந்த வண்டியில் "பி" கிடையாது. டிரைவிங் ஸ்கூல் வண்டியில் "பி"யில் போட்டுவிட்டு இறங்கிப் பழகியிருப்பாய். இதில் கியரில் விட்டு, ஹேண்ட்பிரேக்கை முழுக்க இழுத்து, அப்புறம்தான் இன்ஜினை நிறுத்த வேண்டும். நியூட்ரலில் விட்டு இறங்கினால் அந்த ஊர்ச் சரிவில் வண்டி போய்விடும். நைட் ஷிஃப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தில் வருகிறவள் நீ.

கிளட்ச் எப்போது மாற்றினது, அதைத் தள்ளுகிற மோட்டாரும் மாற்றினதா என்று பில்லைக் கேள். வாய்ப்பேச்சு வேண்டாம். எம்ஓடி என்கிற அந்த ஊர் வண்டித் தகுதி டெஸ்ட் வருஷா வருஷம் பாஸ் ஆகியிருக்கிறது என்று எழுதியிருந்தாய். அந்த டெஸ்டில் இன்ஜினும் கிளட்சும் கியர்பாக்ஸும் எப்படி இருக்கின்றன என்று பார்க்கவே மாட்டார்கள். பிரேக், டயர், விளக்கு, புகை, துரு அதெல்லாம்தான். ஆனாலும் அந்தப் பழைய டெஸ்ட் விவரம் நம்பர் போட்டால் இலவசமாகக் கிடைக்கிறது, மைல் கணக்கு ஒழுங்காக ஏறுகிறதா என்று தம்பி பார்த்துவிட்டான். ஏறியிருக்கிறது. 71,000 மைல் என்றால் நம் கணக்கில் 1,14,000 கிலோமீட்டர். முதல் பிளேட் இன்னும் உள்ளே இருந்தால் அதற்கு வயசாகிவிட்டது. பிளேட்டை மாற்றினாலும், எந்த இடத்தில் பிடிக்கிறது என்று கம்ப்யூட்டருக்கு ஸ்கேனர் வைத்துக் கற்றுக்கொடுக்க வேண்டும். கை வேலை மட்டும் தெரிந்த மெக்கானிக்கால் ஆகாது. பிளேட்டும் மோட்டாரும் சேர்ந்து போனால் இந்த வயசு வண்டிக்கு அந்தச் செலவு தாங்காது.

உன் பட்டியலில் இரண்டாவதாக ஃபோக்ஸ்வாகன் போலோ இருந்தது. அந்த ஏழு கியர் டிஎஸ்ஜி இரட்டை கிளட்ச், இன்னும் நுணுக்கமான வேலை. 2013-ல் உலகம் முழுக்க 16 லட்சம் வண்டியைத் திரும்பக் கூப்பிட்டு, சிந்தெடிக் ஆயிலை எடுத்துவிட்டு மினரல் ஆயில் ஊற்றிக் கொடுத்தார்கள். வண்டி நல்ல வண்டிதான், பழசாக வாங்கிப் பராமரிக்க உன் சம்பளத்துக்கு ஒத்து வராது. ஒரு நர்ஸ் சம்பளத்தில் வாடகையும் கொடுத்து வண்டியும் ஓட்ட வேண்டும் என்றால், அப்படித்தான் கணக்குப் போடுகிறேன், கெட்டுப்போக இடம் குறைவாக உள்ள வண்டியாகப் பார். பழைய நிசான் மைக்ராவில் நாலு கியர் டார்க் கன்வர்ட்டர் உண்டு. பெட்ரோல் கொஞ்சம் கூடக் குடிக்கும், குடிக்கட்டும். டொயோட்டா யாரிஸ் ஹைபிரிட் 2012-லிருந்து அங்கே இருக்கிறது, அதில் தேய்கிற கிளட்சே இல்லை. விலை அதிகம்தான். அந்த வித்தியாசத்தை அப்பா போடுகிறேன். சீட்டு எடுத்த பணம் அப்படியே இருக்கிறது. இதற்காக நீ யாரிடமும் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம். யாரிடமும்.

இன்ஷூரன்ஸில் அனுபவமுள்ள இன்னொரு டிரைவர் பெயரையும் சேர்த்தால் பிரீமியம் குறையும் என்று தம்பி சொல்கிறான். மாப்பிள்ளை பெயரைச் சேர்க்கலாமே என்று எழுத நினைத்தேன். நீ அனுப்பின கொட்டேஷனில் உன் பெயர் மட்டும்தான் இருக்கிறது. யோசித்துத்தான் செய்திருப்பாய். தினம் ஓட்டுகிறவள் நீ, வேறொருவரை முதல் டிரைவர் என்று காட்டினால் அங்கே அது மோசடி என்கிறான். அதனால் உன் பெயரே இருக்கட்டும். பிரீமியம் கூட வந்தால் வரட்டும். வண்டிப் பதிவும் உன் பெயரிலேயே செய்.

தம்பிக்குப் பரீட்சை முடிந்துவிட்டது. பெரியப்பாவுக்குச் சர்க்கரை அதிகம் என்று நேற்றுத்தான் டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய் வந்திருக்கிறது, அம்மா உனக்காகத் தொக்கு செய்து பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறாள். எந்த முகவரிக்கு அனுப்புவது என்று எழுது. பழையதா, வேறா? முகவரி மட்டும் எழுதினால் போதும், வேறொன்றும் எழுத வேண்டாம் என்று அம்மா சொல்லச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை பேசுவாய் என்று ஃபோனைப் பக்கத்திலேயே வைத்திருந்தோம். வேலை இருந்திருக்கும். எப்போது கூப்பிட்டாலும் பரவாயில்லை, ராத்திரி மூன்று மணியானாலும் அப்பா எடுப்பேன்.

கோர்சாவுக்கு அட்வான்ஸ் கேட்டால் கொடுத்துவிடாதே. மைக்ரா எங்கேயாவது இருந்தால் விவரம் அனுப்பு, ஸ்டார்ட் செய்யும்போது ஃபோனை இன்ஜின் பக்கத்தில் பிடித்துப் பதிவு செய்து அனுப்பு, நான் கேட்டுச் சொல்கிறேன். பார்க்கப் பகலில் போ. மேலே மாப்பிள்ளையை அழைத்துப் போகச் சொல்லி எழுதியிருக்கிறேன். அதை விடு. உன் வார்டில் வேலை செய்கிறதே, அந்தத் திருவல்லாப் பெண், அதைக் கூட அழைத்துக்கொண்டு போ.

அன்புடன்,
அப்பா