சான் மாலோவில் நல்ல மீன் சாப்பாட்டுக் கடை பார்ப்பது எப்படி: மகளுக்கு

பரிஸ், செப்டம்பர் 28

அன்பு மகளுக்கு,

ஒக்ரோபர் இரண்டாவது சனிக்கிழமை மாமாவையும் மாமியையும் பிரான்ஸின் பிரெத்தானியா மாகாணத்தில் சான் மாலோ, கான்கால் பக்கம் கூட்டிப்போய் நல்ல கடலுணவு சாப்பிட வைக்கவேணும், ஒரு ரெஸ்ரோரன்டின் பெயர் சொல்லுங்கோ என்று கேட்டிருந்தாய். பெயர் தரமாட்டன் பிள்ளை. பலகையில் பெயர் அப்படியே இருக்கும், குசினிக்குள் ஆள் மாறியிருக்கும். போன வருசம் நல்லாய் இருந்த கடை இந்த வருசம் கைமாறியிருக்கும். எப்படிப் பார்க்கிறது என்று எழுதுகிறேன். அது தெரிந்தால் பிரெஸ்டிலும் உதவும், லா ரொஷேலிலும் உதவும்.

நீ சனிக்கிழமை மத்தியானம் என்று வைத்தது நல்லது. ஞாயிறு இரவும் திங்களும் வேண்டாம். சனி, ஞாயிறுகளில் பெரும்பாலான படகுத்துறை ஏலங்கள் நடக்காது. இங்கே ரன்ஜிஸ் மொத்தச் சந்தையின் மீன் மண்டபமும் செவ்வாயிலிருந்து சனி வரைதான், விடிய 2 மணிக்குத் திறக்கும். திங்கட்கிழமை தட்டில் வரும் மீன் பெரும்பாலும் வெள்ளி, சனியில் வாங்கினதாய் இருக்கும். நல்ல மீன் சாப்பாட்டுக் கடைக்காரர் அன்றைக்குப் பூட்டிவிடுவார். ஞாயிறு இரவும் திங்களும் பூட்டு என்று கதவில் எழுதியிருந்தால் அதை ஒரு நல்ல குறியாக எடுத்துக்கொள். ஏழு நாளும், காலை 11 முதல் இரவு 11 வரை இடைவெளியில்லாமல் சமையல் என்றால் நான் உள்ளே போகமாட்டன்.

வீட்டிலிருந்தே செய்யக்கூடியது இரண்டு இருக்கு. அலிம் கோன்ஃபியான்ஸ் என்ற அரசாங்கத் தளத்தில் சுகாதாரப் பரிசோதனை முடிவுகளைப் போடுகிறார்கள், 2017 இலிருந்து. நாலு படி: மிகத் திருப்தி, திருப்தி, திருத்த வேண்டும், அவசரமாய்த் திருத்த வேண்டும். ஒரு முடிவு ஒரு வருசம்தான் அதில் நிற்கும். அதனால் கடையின் பெயர் இல்லாவிட்டால் கூடாத கடை என்று நினைக்காதே. இரண்டாவது, கூகிளில் நட்சத்திரத்தை விடு, சாப்பிட்டவர்கள் போட்ட படங்களைப் பார். முக்கியமாய், சோக்கால் எழுதின பலகையின் படங்கள். ஜனவரியில் எடுத்த படத்திலும் ஓகஸ்டில் எடுத்த படத்திலும் அதே மீன்கள் எழுதியிருந்தால், அந்தப் பலகை அலங்காரத்துக்கு மாட்டினது. கடலில் எந்த மீனும் வருசம் முழுக்க ஒரே மாதிரி வராது.

மெனுவை விலையோடு வாசலில் மாட்ட வேண்டும் என்பது இங்கே சட்டம். மத்தியானச் சாப்பாட்டுக்கு 11:30 க்கு முன்னமே இருக்கவேணும். ஆகவே 11:30 க்குப் போய், பசி வருவதற்கு முன் நின்று வாசி.

முதலில் நீளத்தைப் பார். ஒரு சின்னக் குசினி ஒரு நாளைக்கு நாலு, ஐந்து மீன் வாங்கி, சுத்தம் பண்ணி, இரவுக்குள் முடிக்கலாம். இருபது மீன் சாப்பாடு எழுதியிருந்தால் மிச்சம் ஐஸ்பெட்டியிலிருந்துதான் வரும், வேறு வழியில்லை. பிறகு மீன்களின் பெயரைப் பார். சல்மன், கபியோ, கம்பாஸ் மூன்றும் முன்னுக்கு நின்றால் அந்தக் கடை கடற்கரையில் இருந்தும் பிரயோசனம் இல்லை. சல்மன் நோர்வே, ஸ்கொட்லாந்துப் பண்ணையில் வளர்ந்தது. கபியோ என்ற கொட் மீன் பெரும்பாலும் தூர வடக்குக் கடல்களிலிருந்து வருவது. கம்பாஸ் வெப்பநாட்டு வளர்ப்பு இறால், பிரெத்தானியக் கடலில் அது இல்லவே இல்லை. லியூ ஜோன், பார்பூ, சான் பியேர், திருக்கை, கானாங்கெளுத்தி மாதிரிப் பெயர்கள் இருந்தால் யாரோ துறைமுகத்தில் விடியப்புறம் நின்று வாங்கியிருக்கிறார்கள்.

'இன்றைய மீன்', 'படகிலிருந்து நேரே', 'நம்மூர் பிடி' என்ற சொற்களை மட்டும் நம்பாதே. என்ன மீன், எந்தத் துறை, தூண்டிலா வலையா என்று கேள். நல்ல கடையில் பரிமாறுகிற பிள்ளை உடனே சொல்லும், அல்லது குசினிக்குள் போய்க் கேட்டுவந்து சொல்லும். 'பார்' (சீ பாஸ்) மீன் தூண்டிலில் பிடித்தது என்று எழுதியிருந்தால் செவுளில் குத்தின அடையாளச் சீட்டு இருக்கிறதா என்று கேட்கலாம். பிரெத்தானிய முனைத் தூண்டில்காரர் தங்கள் மீனுக்கு எண் போட்ட சீட்டுக் குத்தித்தான் அனுப்புவார்கள். சீட்டுள்ள மீனை வாங்குகிற கடைக்காரர் அதைக் காட்டச் சந்தோசப்படுவார்.

எனக்குப் பெரிய நம்பிக்கை தருவது பலகையில் குறுக்கே கோடு போட்டு அழித்த பெயர்தான். 'இன்றைக்கு அது முடிஞ்சுது', 'இன்றைக்குக் காற்று, படகு போகேல்லை' என்று சொல்லத் தெரிந்த கடை உன்னிடம் மற்றதையும் உண்மையாய்ச் சொல்லும்.

சட்டிக்கு மேல் கூரை போட்ட ஒரு சின்னம் பார்ப்பாய், ஃபே மேஸோன், 2014 இலிருந்து இருக்கு. வீட்டில் செய்தது என்று அர்த்தம், ஆனால் பலர் அதைப் பிழையாய் விளங்கிக்கொள்கிறார்கள். பச்சை மீனை உறைநிலையில் வாங்கி அங்கேயே சமைத்தாலும் அந்தச் சின்னம் போடலாம். செய்தது அங்கே என்பதற்கு அது சாட்சி, மீன் புதிது என்பதற்கு அல்ல. மீன் சூப்புக்கு அந்தச் சின்னம் இருக்கிறதா என்று மட்டும் கட்டாயம் பார். போத்தலில் வாங்கிச் சூடாக்கிக் கொடுப்பது அதிலேதான் கூட. பச்சையாய் வெட்டித் தரும் தார்தார் மாதிரிச் சாப்பாட்டுக்கு மீனை முன்னமே உறைய வைத்தோம் என்று சொன்னால் முகம் சுளிக்காதே. புழுவைக் கொல்ல மைனஸ் 20 பாகையில் 24 மணித்தியாலம் வைக்கவேணும் என்பது விதி. அதைச் செய்கிறவர் தொழில் தெரிந்தவர்.

இனி கொக்கி சான் ஜாக், விசிறி மாதிரி ஓடுள்ள மட்டி வகை. ஒக்ரோபரில் அந்தப் பக்கம் போய் அதைச் சாப்பிடாமல் வரக்கூடாது. மே 15 இலிருந்து செப்டம்பர் முடிய அதைப் பிடிக்கத் தடை. ஒக்ரோபர் 1 இலிருந்து திறப்பார்கள், சில விரிகுடாக்களில் கொஞ்சம் பிந்தித் தொடங்கும். சான் பிரியூ விரிகுடாவில் படகுகளை வாரத்தில் சில நாள்தான், அதுவும் ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவாகத்தான் விடுகிறார்கள். அதனால்தான் அங்கே இன்னும் மிச்சம் இருக்கு.

ஏமாற்று நடக்கும் இடமும் இதுதான். 'நுவா த சான் ஜாக்' (சான் ஜாக் சதை) என்று எழுதிவிட்டு பெருவிலிருந்தோ வேறு நாட்டிலிருந்தோ வந்த வேறு இனத்துச் சதையை உறைநிலையில் கொண்டுவந்து போடச் சட்டம் இடம் கொடுக்கிறது. 'கொக்கி' என்ற சொல் சேர்ந்தால்தான் இங்கத்தைய இனம். ஆகவே ஓட்டோடு வாங்கி இங்கே திறக்கிறீர்களா என்று கேள். அந்த ஒரு கேள்வி போதும். கணக்கும் உதவும்: ஒரு கிலோ ஓட்டோடு வாங்கினால் உள்ளே தேறும் சதை 150 கிராம் அளவுதான். பெரிய எட்டுத் துண்டு மலிவு விலையில் வந்தால் யோசி.

தட்டில் வந்த பிறகும் தெரியும். புதுசு என்றால் மேலும் கீழும் தேன் நிறத்தில் முறுகியிருக்கும். முள்ளுக்கரண்டியால் விலத்தினால் நார் நாராய்ப் பிரியும், இனிப்பு நாக்கில் நிற்கும். தண்ணீர் ஏற்றி உறைய வைத்தது சூடான தாச்சியில் விழுந்ததும் தண்ணீரைக் கக்கும். அது வதங்குமே தவிர முறுகாது. தட்டின் அடியில் பால் மாதிரி ஒரு நீர் தேங்கி நிற்கும், கடித்தால் ரப்பர். செம்மஞ்சள் முட்டைப்பகுதி இல்லை என்பதை வைத்து முடிவு எடுக்காதே, சில குசினிகளில் அதை வெட்டி எடுத்துவிடுவார்கள்.

மட்டி எடுப்பதென்றால் மொன் சான் மிஷேல் விரிகுடாவின் பூஷோ மட்டி. மரக்கம்பங்களில் வளர்ப்பது. 2006 இல் அதற்குக் கிடைத்த பூர்விகப் பெயர்ப் பாதுகாப்புத்தான் பிரான்ஸில் ஒரு கடலுணவுக்குக் கிடைத்த முதலாவது. ஒக்ரோபர் நல்ல பருவம். ஓடு சின்னன், சதை மஞ்சளாய் ஓடு நிறைய இருக்கும். பெரிய ஓட்டுக்குள் சுருங்கின சதை என்றால் வேறு எங்கேயோ வளர்ந்தது.

சிப்பிக்கு கான்கால். எண் சிறிதானால் சிப்பி பெரிது, இதில் எல்லாரும் தடுமாறுவார்கள். 3 ஆம் நம்பர் 66 இலிருந்து 85 கிராம், முதல்முறை சாப்பிடுகிறவர்களுக்கு அதுவே போதும். 2 ஆம் நம்பர் அதைவிடப் பெரிது. கடை வாசலில் சிப்பி திறக்கிறவர் நின்று வேலைசெய்கிறார் என்றால் நல்லது, நீ கேட்ட பிறகுதான் திறப்பார். தட்டு வந்ததும் ஒன்றை எடுத்துக் கிட்டப் பார். உள்ளே தெளிந்த நீர் நிற்கவேணும், சதை வழுவழுப்பாய்ப் பூரித்திருக்கவேணும். சுற்றிவர உள்ள கறுத்த கரையை முள்ளுக்கரண்டி நுனியால் மெல்லத் தொடு, சுருங்கி உள்ளே இழுக்கும். இழுக்காமல் காய்ந்துபோய்க் கிடந்தால் எப்பவோ திறந்து வைத்தது, அந்தத் தட்டைத் திருப்பி அனுப்பு, வெட்கப்படாதே. முதல் நீரை ஊற்றிவிட்டால் கொஞ்ச நேரத்தில் திரும்ப ஊறும், அதுதான் ருசி. சந்தேகம் இருந்தால் பெட்டியின் சீட்டைக் கேள், பொதி செய்த திகதி அதில் இருக்கும். பெட்டி முடிந்த பிறகும் 60 நாள் சீட்டை வைத்திருக்கவேணும் என்பது அவர்களுக்கு விதி.

ரெஸ்ரோரன்டில் சிப்பிக்குக் காசு கொடுப்பதற்கு முன் கான்கால் துறைமுகக் கோடியில் உள்ள சிப்பிச் சந்தைக்கு நடந்து போங்கோ. வளர்க்கிறவர்களே தட்டில் திறந்து, எலுமிச்சையோடு தருவார்கள். படியில் இருந்து சாப்பிட்டுவிட்டு ஓட்டைக் கரையில் எறிகிறது அங்கத்தைய வழக்கம். சிப்பியை அங்கே முடித்துவிட்டு, சமைத்த சாப்பாட்டுக்கு மேசைக்குப் போவதுதான் என் யோசனை.

ஒரு விசயம் கவனம். மாமாவுக்குச் சீனி வருத்தம் இருக்கு, வயசும் எழுபதுக்கு மேல். பச்சைச் சிப்பி அவருக்கு வேண்டாம், ஆசைக்கு ஒன்றுகூட. பெருமழைக்குப் பிறகு கழிவுநீர் கலந்தால் சிப்பியில் வயிற்றோட்டக் கிருமி சேரும். 2023 டிசம்பர் முடிவில் ஆர்க்காஷோன் சிப்பி விற்பனையையே நிறுத்தினார்கள். உனக்கு அது இரண்டு நாள் வயிற்றுவலி, அவருக்கு ஆசுப்பத்திரி. அவருக்கு மட்டியும் மீனும் சொல்லு.

பெரிய ஐஸ் தட்டில் நண்டு, இறால், சிப்பி கலந்து வரும் ப்ளாத்தோவை ஐந்து பேருக்கும் எடுக்காதே. உடைத்து, குத்தி, உறிஞ்சி முடிக்க ஒன்றரை மணித்தியாலம் வேணும், மாமிக்கு முழங்கை வலிக்கும். இரண்டு பேருக்கானது ஒன்று நடுவில் வைத்தால் எல்லாரும் ருசி பார்க்கலாம்.  லாங்குஸ்தின் என்ற சின்னச் சிங்கி இறாலின் தலை கறுத்து, சதை மாவாய் உதிர்ந்தால் தொடாதே.

முழுமீன் எடுக்கும்போது விலை 100 கிராமுக்கு எழுதியிருக்கும், சமைக்க முன் தலையோடு நிறுத்த நிறை. 9 யூரோ என்று சின்னனாய்த் தெரியும், 1.2 கிலோ மீன் 108 யூரோ. மீனைக் கொண்டுவந்து காட்டச் சொல்லி, நிறையையும் மொத்த விலையையும் கேட்டுவிட்டுத் தலையாட்டு. தலையும் முள்ளும் போக அரைவாசிக்கும் குறைவாய்த்தான் சதை மிஞ்சும். இங்கே மீனை நடுமுள்ளருகே லேசாய்ப் பச்சை தட்ட விடுவார்கள், அது அவர்களின் பக்குவம், நல்ல பக்குவமும்கூட. மாமிக்கு அது சரிவராது. 'பியான் கூயி' (நல்லாய் வேகவேணும்) என்று முன்னமே சொல்லிவிடு, தட்டைத் திருப்பி அனுப்பினால் இரண்டாம் முறை காய்ந்துபோய் வரும். திருக்கை எடுத்தால் வந்தவுடன் மணந்து பார். அமோனியா வாடை அடித்தால் பழசு, அதை வெண்ணெயும் கேப்பரும் மறைக்காது.

பாணும் குழாய்த் தண்ணீரும் இலவசம், கராஃப் என்று கேள், கேட்காவிட்டால் போத்தலைத் திறந்துவிடுவார்கள். சேவைக் கட்டணம் விலைக்குள்ளேயே இருக்கு. மீன், நண்டு இறால் வகை, சிப்பி கணவாய் வகை மூன்றும் ஒவ்வாமைப் பட்டியலில் தனித்தனியாய் எழுத்தில் இருக்கவேணும், மருமகனின் தங்கச்சிக்கு இறால் ஒத்துக்கொள்ளாது என்றாயே, அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் பார்.

புதன்கிழமையே போன் பண்ணி 12:15 க்கு மேசை பிடி. ஒன்றரைக்குப் பிறகு குசினி மூட வெளிக்கிடும், பிந்திப் போனால் மிஞ்சினதுதான் கிடைக்கும்.

பின்னேரம் ரெயில் ஏற முன் சந்தையில் 3 ஆம் நம்பர் சிப்பி இரண்டு டஸன் வாங்கி, மரப்பெட்டியோடு கட்டச் சொல்லு. குழிந்த பக்கம் கீழே, மேலே பாரம் வைத்து, குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வை. தண்ணீரில் போடாதே, உறையவும் விடாதே. பொதி செய்த திகதியிலிருந்து எட்டுப் பத்து நாள் உயிரோடு இருக்கும். அடுத்த சனிக்கிழமை இங்கே வரும்போது கொண்டுவா. திறக்கிற கத்தி அம்மா எடுத்து வைத்திருக்கிறா.

அன்புடன்
அப்பா