இறங்க வந்தவர்களுக்கும், இறங்காதீங்க என்றவருக்கும்

2023 டிசம்பர் முதல் வாரம் எங்கள் நகரில் என்ன நடந்தது என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. சென்னையில் பள்ளிக்கரணைப் பக்கம் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே தண்ணீரில்தான் நின்றோம். 2015-இல் வாசல்படியோடு நின்ற தண்ணீர் இந்த முறை மிக்ஜாம் புயலில் எங்கள் வீட்டுக்குள் வந்து அலமாரியின் இரண்டாம் தட்டைப் பார்த்துவிட்டுப் போனது. அதை விடுங்கள். இது நாங்கள் கூடி வளர்க்கும் தோட்டத்துக்காக எழுதும் மடல்.

நகரின் திறந்தவெளி மனையில், மூன்று கிரவுண்டு இடத்தில், ஞாயிறுதோறும் காலை ஆறு மணிக்குக் கூடி மண்வெட்டி பிடிக்கும் கூட்டம் நாங்கள். ஆறு நாள் சாக்கடை கலந்த தண்ணீர் அதன்மேல் நின்றது. வடிந்ததும் ஒரு அழைப்புப் போட்டேன். டிசம்பர் 10 காலையில் ஐம்பத்திரண்டு பேர் கேட்டில் நின்றார்கள். சாதாரண ஞாயிறுகளில் பன்னிரண்டு பேர் வந்தாலே எனக்குப் பெருமை தாங்காது.

வந்தவர்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியாது. நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் வந்தார்கள். தங்கள் வீட்டு மெத்தை இன்னும் மொட்டைமாடியில் காய்ந்துகொண்டிருக்க, அடுத்த தெருவிலிருந்து ஒரு குடும்பம் அப்படியே வந்தது. கையுறையும் கம்பூட்டும் கொண்டுவந்தவர்கள், எலிக்காய்ச்சலுக்கு முன்கூட்டியே மாத்திரை போட்டுக்கொள்ளச் சொல்லி முகாமுக்கு அழைத்துப் போன மருத்துவ மாணவி, உடைந்த கண்ணாடியையும் தெர்மகோலையும் சாக்கில் அள்ளிய பொடிசுகள், மோட்டாரைப் பிரித்துக் காயவைத்துக் கொடுத்துவிட்டுக் காசு வேண்டாம் என்றவர், செங்கல்பட்டிலிருந்து, பசுந்தாள் உரத்துக்கான தக்கைப்பூண்டு விதை அனுப்பிய கடைக்காரர், மூன்று நாள் இலவசமாக டீ ஊற்றிய அண்ணன். எல்லோருக்கும் நன்றி. பெயர் பெயராக எழுதினால் ஒருவரையாவது விட்டுவிடுவேன்; விட்டுப்போனவர் முகம்தான் அப்புறம் ராத்திரியில் வந்து நிற்கும்.

ஆனால் இந்த மடல் முக்கியமாக ஒருவருக்கு. பெயர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். அக்கா என்றே எழுதுகிறேன்.

எங்கள் தெருவைக் கூட்டும் தூய்மைப் பணியாளர் அவர். அன்று காலை நான் பூட்டைத் திறந்து, "வாங்க, எறங்கலாம்" என்று சொன்ன நேரம், தள்ளுவண்டியை ஓரமாக விட்டுவிட்டு வந்து கேட்டின் குறுக்கே நின்றார்.

"இன்னிக்கி உள்ள எறங்காதீங்கம்மா."

மாநகராட்சி உத்தரவு போல என்று நினைத்துக்கொண்டோம். "ஆர்டர் வந்திருக்காக்கா?" என்று ஒரு மாணவன் கேட்டே விட்டான். சிரித்தார். "எனக்கு யாருப்பா ஆர்டர் குடுக்கச் சொல்லுவாங்க? மண்ணு ஈரமாக்கீது. இத்தினி பேரு மிதிச்சீங்கன்னா கல்லாப் பூடும்."

குனிந்து ஒரு பிடி அள்ளி உருட்டினார். கொழுக்கட்டை மாதிரி உருண்டது. கட்டைவிரலால் அழுத்தினார், உடையாமல் பள்ளம் மட்டும் விழுந்தது. "பாத்தியா? இது உதுரணும். உதுந்தாதான் பதம்." செய்யாறு பக்கம் மல்லாட்டை (நிலக்கடலை) கொல்லையில் வளர்ந்தவராம். ஒரு வருஷம் மாமனார் அவசரப்பட்டு ஈரத்தில் ஏர் ஓட்டிவிட்டார். கட்டி கட்டியாகக் காய்ந்து, செடி பூத்தும் காய் பிடிக்கும் விழுது மண்ணுக்குள் இறங்க வழியில்லாமல், கொடியைப் பிடுங்கினால் காய் இல்லையாம். "வெள்ளம் போனப்பறம் கொல்லைய ஒண்ணும் பண்ணாம உட்றதுதான் வேலை" என்றார்.

எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. ஐம்பத்திரண்டு பேர். இப்படி ஒரு கூட்டம் இனி எப்போது கிடைக்கும்? படம் எடுக்க வேறு ஒருவர் வந்திருந்தார். எங்களுடையது சதுப்புநில ஓரத்துக் களிமண். ஈரத்தில் மிதித்தால் மண்ணின் காற்றுத்துளைகள் அடைந்துபோகும், வேர் மூச்சுவிட முடியாது என்பதெல்லாம் எனக்கும் தெரியும். பயிற்சி வகுப்பில் நானே பாடம் எடுத்திருக்கிறேன். அன்று காலை அது ஞாபகத்துக்கு வரவில்லை. உதவ வேண்டும் என்ற வேகம் வந்துவிட்டால் எதற்கு உதவுகிறோம் என்பது கொஞ்ச நேரம் மறந்துவிடுகிறது, எனக்கு மறந்தது.

பாத்திக்குள் யாரும் இறங்கவில்லை. நடைபாதையில் நின்று கண்ணாடி பொறுக்கினோம், கருவிகளைப் பிளீச்சிங் தண்ணீரில் கழுவினோம், பதினொரு மணிக்குக் கலைந்தோம்.

மூன்று மணி இருக்கும். மறந்துவிட்ட முதலுதவிப் பையை எடுக்கப் போனேன். உள்ளே அக்கா. இரண்டு மணிக்கு வேலை முடிந்து வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவர். எங்கிருந்தோ மிதந்து வந்து வேலியில் சிக்கியிருந்த ஒரு நீலக் கதவைப் பாத்தி ஓரம் போட்டு, அதன்மேல் நின்றுகொண்டு வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தார். கதவு பாரத்தைப் பரப்பிவிடுவதால் மண் அமுங்கவில்லை. வெட்டி முடிந்த இடத்திலிருந்து கதவை இழுத்து அடுத்த இடத்தில் போட்டுக்கொள்வார். தண்ணீர் குட்டையாக நின்ற மூலையிலிருந்து மழைநீர் வடிகால் வரை பன்னிரண்டு அடி, முழங்கை ஆழம். கடைசிக் கொத்துக்குப் பிறகு கறுப்புத் தண்ணீர் ஒருமுறை தயங்கி, பிறகு ஓடியது. நாற்றம் குடலைப் பிடுங்கியது. இருவரும் மூக்கைப் பொத்திக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"மேல ஒண்ணும் பண்ண வோணாம், சரி. நின்ன தண்ணிக்கி வழி உட வோணாமா?"

நான் பையிலிருந்து ஐந்நூறு ரூபாய் எடுத்து நீட்டினேன். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் நீட்டினேன். அவர் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது இன்னாத்துக்கு? நான் வேலைக்கா வந்தேன்?" மண்வெட்டியைக் கழுவி, தலைகீழாகச் சாய்த்து வைத்தார்.

அந்த ஒரு வாய்க்கால் இல்லாவிட்டால் இன்னும் எத்தனை வேர் அழுகியிருக்குமோ. முருங்கையும் பப்பாளியும் முன்பே போய்விட்டன. தண்ணீர் தேங்கினால் முதலில் சாய்வது அவைதான். கறிவேப்பிலையும் போயிற்று. புங்கன், பூவரசு, நீர்மருது மூன்றும் ஒன்றும் நடக்காதது போல நிற்கின்றன. வெட்டிவேர் முன்பைவிடக் கொழுப்பாக இருக்கிறது. வேம்பின்மேல் ஏறிக்கொண்ட சாரைப்பாம்பு நான்கு நாள் கழித்துத் தானே இறங்கிப் போய்விட்டது. அதற்கும் யாரும் எதுவும் செய்யவில்லை.

டிசம்பர் 17 அக்கா மறுபடி உருட்டிப் பார்த்தார். "வோணாம்." அன்று வரவிருந்தவர்கள் வீட்டிலேயே இருந்தார்கள். அன்றைக்குத்தான் தெற்கே மழை கொட்டத் தொடங்கியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். எங்களிடம் சும்மா கிடந்த கையுறைகள், கம்பூட்டுகள், இரண்டு பம்புகள் எல்லாம் மாணவர்களோடு தூத்துக்குடிக்கு வண்டி ஏறின. தோட்டத்துக்கு என்று வந்த கைகள் அங்கே வீடு வீடாகச் சேறு அள்ளின. அந்தப் பிள்ளைகளுக்கும் அவர்களை அனுப்பிய பெற்றோருக்கும் தனி நன்றி.

24-ஆம் தேதி மண் உதிர்ந்தது. தோட்ட முள்கரண்டியால் லேசாகக் கிளறி, இரண்டு கிலோ தக்கைப்பூண்டு தூவினோம். இப்போது நான்கு விரல் உயரம். பூவெடுக்க ஏறக்குறைய நாற்பத்தைந்து நாள் ஆகும். அப்போது அப்படியே மடக்கி மண்ணுக்குள் புதைப்போம். சாக்கடை பட்ட மண் என்பதால் அதுவரை கீரை கிடையாது, பொங்கலுக்கு மஞ்சள் கொத்தும் கிடையாது. பாத்தி எடுத்திருப்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரண்டு வருடமாக எங்கள் கேட்டில் வாரம் இரண்டு மூட்டை காய்ந்த சருகு சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். மண் காயாமல் பாத்தியின்மேல் பரப்பும் எங்கள் மூடாக்கு முழுவதும் அதுதான். காவலாளி வைக்கிறார் என்று நினைத்து அவருக்கு தீபாவளி இனாம்கூடக் கொடுத்தேன், அவரும் வாங்கிக்கொண்டார். பிளாஸ்டிக் கலக்காமல் சருகை மட்டும் தனியே கூட்டி மூட்டை கட்டியது அக்கா. ஏன் சொல்லவில்லை என்றேன். "நீங்க கேக்கலியே."

அன்று மாலை, ஏதாவது வேண்டுமா என்று கேட்டேன், இந்த முறை காசைப் பற்றி இல்லாமல். கொஞ்சம் தயங்கினார். கருவிக் கொட்டகைக்குப் பின்னால் தொண்டர்களுக்காகக் கட்டிய கழிவறை இருக்கிறது. ஞாயிறு மட்டும் திறப்போம், மற்ற நாள் பூட்டு. "காலைல ஆறுலேர்ந்து ரெண்டு வரைக்கும் ஒதுங்க எடமில்லம்மா. தண்ணி குடிக்கவே பயமாக்கீது" என்றார். அவரும், கூட வேலை செய்யும் மூன்று பெண்களும். இரண்டு வருடமாக அந்தப் பூட்டைப் பார்த்துக்கொண்டே எங்களுக்குச் சருகு கட்டியிருக்கிறார்கள்.

ஜனவரி 1 முதல் கழிவறையும் குடிநீர்க் குழாயும் எல்லா நாளும் காலை ஐந்தரைக்குத் திறந்திருக்கின்றன. சாவிகள் நான்கு. ஒன்று அக்காவிடம். மழை பெய்தால் அவர் உருட்டிப் பார்க்காமல் பாத்தியில் யாரும் கால் வைக்கக் கூடாது என்று கேட்டில் எழுதிப் போட்டிருக்கிறோம். முதலில் அதை மீறப் பார்த்தது நான்தான். கையைப் பிடித்து இழுத்தார்கள்.

அந்த நீலக் கதவு இப்போது எங்கள் நடைபலகை. பித்தளைத் தாழ்ப்பாள், உள்பக்கம் ஒரு குழந்தையின் உயரத்தைக் குறித்த பென்சில் கோடுகள், ஏழு. உங்கள் வீட்டுக் கதவாக இருந்தால் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். கழுவி வைத்திருக்கிறோம், கோடுகள் அழியவில்லை.