அப்பாவிடம் எட்டுப் பாட்டு கேள்

அன்புள்ள அக்கா,

போன வாரம் பேசும்போது "வேலை முடிஞ்சா அங்க தனியா என்னடா பண்ற?" என்று கேட்டாய். அதற்குள் ரயில் வந்துவிட்டது, ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. போனில் சொன்னால் நீ பாதியில் குக்கரை இறக்கப் போய்விடுவாய், அதனால் எழுதுகிறேன்.

கேட்டுக்கொண்டே இருக்கிறேன் அக்கா, அதுதான் பண்ணுகிறேன். நடிகர்கள், காமெடியன்கள், பாடகர்கள் உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசுகிற பேட்டி பாட்காஸ்ட்கள். இங்கே லண்டனில் டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடுகிறது. ஆய்வகத்தில் வேலை முடித்து எலிசபெத் லைன் ரயில் பிடித்து இல்ஃபர்டு வந்து சேரும்வரை பெட்டியில் ஒருவரும் ஒருவரோடும் பேசுவதில்லை. நம்ம மின்சார ரயிலில் கோடம்பாக்கத்தில் ஏறினால் தாம்பரம் வருவதற்குள் எதிர் சீட்டுக்காரர் பெண்ணுக்கு வரன் பார்ப்பது வரை தெரிந்துவிடுமே, அந்தச் சத்தம் இல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. வந்த புதிதில் சாப்பாட்டு அறையில் மற்றவர்கள் டிவி நிகழ்ச்சி, பழைய காமெடி நடிகர் என்று ஏதாவது சொல்லிச் சிரிப்பார்கள், எனக்கு ஒரு பெயரும் தெரியாது. ரஜினி, கவுண்டமணி தெரியாமல் ஒருவன் சென்னையில் டீக்கடையில் நின்றால் எப்படி இருக்கும், யோசித்துப் பார். 'தி ரெஸ்ட் இஸ் என்டர்டெயின்மென்ட்' என்று ஒன்று, 2023-ல் தொடங்கியது, ரிச்சர்ட் ஆஸ்மன், மரீனா ஹைட் என்று இரண்டு பேர் சினிமா, டிவி தொழில் உள்ளே எப்படி ஓடுகிறது என்று பேசுவார்கள். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் இந்த ஊரின் ஆட்களை எனக்குத் தெரிய வந்தது.

ஆனால் நான் உயிராகக் கேட்பது 'ஆஃப் மெனு'. எட் கேம்பிள், ஜேம்ஸ் அகாஸ்டர் இருவருமே காமெடியன்கள். ஒரு கற்பனை ஹோட்டல், அதில் ஜேம்ஸ்தான் வெயிட்டர், பூதம் மாதிரி எதைக் கேட்டாலும் கொண்டுவந்துவிடுவார். வந்த விருந்தாளி தனக்குப் பிடித்த சாப்பாட்டை முதலிலிருந்து கடைசி இனிப்பு வரை சொல்ல வேண்டும். பேச்சு எங்கோ போய்க்கொண்டிருக்கும்போது ஜேம்ஸ் திடீரென்று "அப்பளமா, ரொட்டியா?" என்று கத்துவார். முதல் தடவை கேட்டபோது ரயிலிலேயே சத்தமாகச் சிரித்துவிட்டேன். லண்டனில் ஒரு வெள்ளைக்காரர் உலகத்தின் பெரிய பெரிய ஆட்களிடமெல்லாம் அப்பளம் வேண்டுமா என்று கேட்கிறார் அக்கா!

விஷயம் சாப்பாடு இல்லை. "உங்கள் இளமைக்காலம் எப்படி இருந்தது?" என்று கேட்டால் எந்த நட்சத்திரமும் நூறு தடவை சொன்ன பதிலையே சொல்வார். எந்த உருளைக்கிழங்கு வேண்டும் என்று கேட்டால் பாட்டி வீடு வரும், கையில் காசு இல்லாத வருஷங்கள் வரும், அப்பாவோடு கடைசியாகச் சாப்பிட்ட இடம் வரும். தயார் செய்துகொண்டு வராத பதில்கள் எல்லாம் அந்த வழியாக வெளியே வருகின்றன.

இந்த வித்தை இவர்களுக்குப் பழசு. பிபிசி வானொலியில் 'டெசர்ட் ஐலண்ட் டிஸ்க்ஸ்' 1942-லிருந்து வருகிறது, ராய் ப்ளம்லி தொடங்கியது. ஆளில்லாத தீவில் மாட்டிக்கொண்டால் எந்த எட்டு இசைத்தட்டுகள் வேண்டும் என்பதுதான் கேள்வி. அப்புறம் ஒரு புத்தகம், ஒரு ஆடம்பரப் பொருள். பைபிளும் ஷேக்ஸ்பியரும் தீவிலேயே இருக்கும், அதைக் கேட்கக் கூடாது. இவ்வளவுதான் விதி, பழைய பேட்டிகள் ஏராளமாக இணையத்திலேயே இருக்கின்றன. விஞ்ஞானி, பிரதமர், நடிகை, சமையல்காரர், யார் வந்தாலும் ஒரே கேள்வி. பாட்டு ஒலிக்கும்போது அந்த மனிதர் கொஞ்சம் இளகிவிடுகிறார், அடுத்து வருகிற வாக்கியத்துக்காகவே நான் இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தாண்டிப் போகலாம் என்று தோன்றும்.

அமெரிக்காவில் மார்க் மேரன் என்ற காமெடியன் 2009-ல் ஒரு பேட்டி பாட்காஸ்ட் ஆரம்பித்து, பிறகு தன் வீட்டு கார் ஷெட்டில் மைக் வைத்து நடத்தினார். 2015-ல் ஜனாதிபதியாக இருக்கும்போதே ஒபாமா அந்த ஷெட்டுக்கே வந்து உட்கார்ந்து பேசினார். 2025-ல் மேரன் அதை நிறுத்தினார், கடைசி விருந்தாளியும் ஒபாமாதான். 2010-ல் ராபின் வில்லியம்ஸோடு அவர் பேசியதைக் கேள், எவ்வளவு சிரிக்க வைத்த மனுஷன், எவ்வளவு அமைதியாகப் பேசுகிறார்.

எல்லாமே எனக்குப் பிடிக்கும் என்று நினைக்காதே. இப்போது நிறைய பாட்காஸ்ட்கள் நண்பர்கள் நண்பர்களைப் பேட்டி எடுக்கிற இடமாகிவிட்டன. அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் 2025 ஆகஸ்டில் புது ஆல்பத்தை அறிவித்தது தன் காதலரும் அவர் அண்ணனும் நடத்துகிற நிகழ்ச்சியில். நானும் ஆசையாகத்தான் கேட்டேன், ரொம்ப இனிமையாக இருந்தது. ஆனால் சங்கடமான கேள்வியை அங்கே யார் கேட்பார்கள்? பெரிய நட்சத்திரங்கள் பத்திரிகையாளரைத் தாண்டி நேராக இப்படி வந்துவிட்டால், நமக்குக் கிடைப்பது அவர்கள் காட்ட விரும்புகிற முகம் மட்டும்தான். ரசிகனுக்கு அது போதாது என்பது என் கட்சி.

நம்ம ஊரை நினைத்தால் எனக்கு ஆதங்கம் வருகிறது. விஜய் டிவியில் அனுஹாசன் 'காஃபி வித் அனு' நடத்தியபோது நீயும் நானும் டிவியை விட்டு நகராமல் உட்கார்ந்திருப்போமே, அவர் எதிரே இருப்பவரைப் பேச விடுவார். இப்போது படம் வெளியாகிற வாரம் பத்துப் பேரைச் சோபாவில் உட்காரவைத்து "ஷூட்டிங் ஸ்பாட்ல நடந்த ஜாலியான சம்பவம் ஏதாவது சொல்லுங்க" என்கிறார்கள், அதிலும் முப்பது வினாடியை வெட்டி 'கதறி அழுத நடிகர்' என்று தலைப்பு வைக்கிறார்கள். இதற்கு நடுவில் சித்ரா லட்சுமணன் ஒருவர் யூடியூபில் 'சாய் வித் சித்ரா'வில் பொறுமையாகக் கேட்கிறார். அவரே தயாரிப்பாளர், 1988-ல் கமலை வைத்து 'சூரசம்ஹாரம்' இயக்கியவர், அதனால் கால்ஷீட், பைனான்ஸ், கடைசி நேரத்தில் நின்றுபோன படம் என்று பேச்சு வந்தால் எதிரே இருப்பவர் மழுப்ப முடியாது. ஞாயிறு மதியம் துணி மடிக்கும்போது அதைத்தான் போடுவேன். அந்தத் தமிழைக் கேட்டால் வடபழனியில் இருக்கிற மாதிரியே இருக்கும்.

அதிலும் போதாதது ஒன்று இருக்கிறது அக்கா. லைட்மேன், டப்பிங் கலைஞர், புரொடக்‌ஷன் பாய், ஸ்டன்ட்டில் கை உடைந்தவர், இவர்களிடம் யாராவது மணிக்கணக்கில் கேட்கிறார்களா? நம்ம அப்பா எத்தனை வருஷம் ஃப்ளோரில் மேலே பரணில் நின்று லைட் பிடித்தார். கீழே நடந்ததையெல்லாம் மேலேயிருந்து பார்த்தவர். வீட்டில் நாம் கேட்டதெல்லாம் பேட்டா வந்ததா, எத்தனை மணிக்கு வண்டி வரும் என்பதுதான்.

அதனால் ஒரு வேலை சொல்கிறேன், மறுக்காதே. பொங்கல் லீவில் அப்பாவை உட்காரவைத்துப் போனில் ரெக்கார்டு போடு. வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கள் என்று ஆரம்பிக்காதே, "அதெல்லாம் என்னம்மா இருக்கு" என்று எழுந்துவிடுவார். எட்டுப் பாட்டு கேள். ஒவ்வொரு பாட்டையும் முழுசாகப் போட்டுக் கேட்க வை, முடிந்ததும் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாமல் கொஞ்சம் சும்மா இரு. அம்மா குறுக்கே வந்து "அது அந்தப் படம் இல்ல" என்று திருத்துவார், அதையும் வெட்டாதே. மாமாவிடம் சொல்லி ஃபேனை நிறுத்தச் சொல், போன தடவை நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜில் பாதி ஃபேன் சத்தம்தான்.

ஒரு மணி நேரம் ஓடினாலும் வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாக அனுப்பாதே, டிரைவில் முழுசாக ஏற்று. இப்போது உனக்கும் எனக்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம், நீ ராத்திரி ஏற்றினால் நான் வேலை முடிந்து ரயில் ஏறுவதற்குள் வந்துவிடும்.

உன் தம்பி